குரலுக்குப் பணியும் மூக்குக்கண்ணாடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைப்பேசியைக் கையில் எடுக்காமலேயே பேசவும் படம் பிடிக்கவும் உதவும் ‘ஸ்மார்ட்’ மூக்குக்கண்ணாடிகளைப் பற்றி இந்த மாதம் ஒரு கட்டுக் கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்தப் பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, கண்ணாடிப் பிராண்டான ரேபானோடு சேர்ந்து கொண்டுவந்த ரேபான் மெட்டா கண்ணாடி 29,900 ரூபாய் தொடக்க விலையில் 2025 மே மாதம் இந்தியக் கடைகளுக்கு வந்ததிலிருந்தே இத்தகைய கேள்விகள் பெருகியிருக்கின்றன. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கண்ணாடியை மூன்று வாரம் அணிந்து பார்த்த அனுபவமும் பதில்களில் ஆங்காங்கே கலந்திருக்கிறது. அது எந்த நிறுவனத்துடையது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். ஒரே ஒரு கண்ணாடியை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது முறையாகாது.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகன் அடுத்த முறை வரும்போது ரேபான் மெட்டா கண்ணாடி ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறான். எனக்கு வயது 68. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகவே உதவும் புரோகிரசிவ் லென்ஸ் அணிகிறேன். அன்றாடம் அணிவதற்கு அது ஏற்றதா?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை

ஐயா, கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அது என்னென்ன செய்யும் என்று கேட்கிறார்கள். நாள் முழுவதும் முகத்தில் இருக்கத் தக்கதா என்று தாங்கள் கேட்டிருப்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இக்கருவியை முதலில் மூக்குக்கண்ணாடியாகவும், அடுத்து இயர்போனாகவும், அதன் பிறகு கேமராவாகவும், கடைசியில்தான் கேட்டதற்குப் பதில் சொல்லும் உதவியாளராகவும் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. முதல் தேர்வில் தோற்ற கண்ணாடி இரண்டே வாரத்தில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். மற்ற மூன்றில் அது எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் பிறகு பயனில்லை.

எடையிலிருந்து தொடங்குவோம். சாதாரண பிளாஸ்டிக் பிரேம் லென்ஸோடு சேர்த்து 25 முதல் 30 கிராம் வரை இருக்கும். ரேபான் மெட்டாவின் முதல் தலைமுறைக் கண்ணாடி ஏறத்தாழ 50 கிராம். கூடுதலான அந்த 20 கிராம் கடையில் கையில் வைத்துப் பார்க்கும்போது தெரியாது, மாலை நான்கு மணிக்கு மூக்கின் மேல் தெரியும். பேட்டரியும் ஸ்பீக்கரும் மின்பலகையும் காதுப் பக்கத் தண்டுகளுக்குள் அடங்கியிருப்பதால் தண்டுகள் தடித்திருக்கின்றன. நம் ஊர்க் கண்ணாடிக் கடைக்காரர் தண்டைச் சூடு காட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் வாகாக அமர்த்திக் கொடுப்பாரே, அந்தக் கைவேலைக்கு இதில் இடமில்லை. ஆகவே மகன் தம் விருப்பப்படி ஒன்றை வாங்கி வருவதை விட, தாங்களே ஒரு கடையில் அரை மணி நேரம் அணிந்து, குனிந்து நிமிர்ந்து, செருப்பு மாட்டிப் பார்த்து அளவைத் தீர்மானிப்பது நல்லது.

அடுத்தது பவர். முதல் தலைமுறைக் கண்ணாடிக்கு நிறுவனம் வைத்த வரம்பு மைனஸ் 6 முதல் பிளஸ் 4 வரை. புரோகிரசிவ் லென்ஸும் பொருத்திக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் வெறும் கண்ணாடியாக வாங்கிவந்து இங்கே லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம் என்று மகன் நினைத்திருந்தால், அதற்கு முன் இரண்டு செய்திகளை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: வெளிக்கடையில் லென்ஸ் மாற்றினால் உத்தரவாதம் நீடிக்குமா? அமெரிக்காவில் வாங்கிய பொருளுக்கு இந்தியாவில் பழுது பார்த்துத் தருவார்களா? ‘பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்று விற்பனையாளர் சொல்வதை வாக்குறுதியாகக் கொள்ள வேண்டாம்.

விளம்பரங்களில் வராத ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறைக்கு ஒரு சார்ஜில் நான்கு மணி நேரம், 2025 செப்டம்பரில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக்கு எட்டு மணி நேரம் என்று நிறுவனம் கணக்குச் சொல்கிறது. சார்ஜ் ஏற்றுவதற்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் கூட்டுக்குள் வைக்க வேண்டும். பவர் இல்லாதவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தங்களைப் போல் கண்ணாடி இல்லாமல் நாளிதழ்த் தலைப்பைக்கூடப் படிக்க முடியாதவருக்கோ, அது சார்ஜ் ஏறும் வேளையெல்லாம் அணிய இன்னொரு கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். சார்ஜ் தீர்ந்த பின்னும் அது பார்க்க உதவும் கண்ணாடியாக இருக்கும் என்பது உண்மைதான்; ஆனால் 50 கிராம் சுமையை வெறும் பார்வைக்காக மட்டும் சுமக்க யாருக்கும் மனம் வருவதில்லை. புரோகிரசிவ் லென்ஸுக்கு ஆகும் தொகையை இரண்டு முறை செலவழிக்கத் தயார் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் மகனிடம் நல்ல இயர்போன் ஒன்று கேளுங்கள்.

கேள்வி: சமையலறையில் மிக்ஸி ஓடும்போதும் பேருந்து நிறுத்தத்திலும் நான் சொல்வது அதற்குக் கேட்குமா? தமிழிலும், தமிழ் கலந்த ஆங்கிலத்திலும் பேசினால் புரிந்துகொள்ளுமா?
— கல்லூரி விரிவுரையாளர், திருச்சி

அம்மா, கேட்பது ஒன்று, புரிந்துகொள்வது வேறு. இரண்டையும் தனித்தனியாகவே சோதிக்க வேண்டும்.

‘ஹே மெட்டா’ என்பது போன்ற ஓர் அழைப்புத் தொடரைச் சொன்னால்தான் இக்கண்ணாடிகள் விழித்துக்கொள்ளும். அந்த ஒரு தொடரை மட்டும் எதிர்பார்த்துக் கண்ணாடிக்குள் இருக்கும் சிறு சில்லு ஓயாமல் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தொடர் அதன் காதில் விழுந்த பிறகு நீங்கள் பேசுவதெல்லாம் ப்ளூடூத் மூலம் கைப்பேசிக்கும், அங்கிருந்து இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்கும் போய், பொருள் கொள்ளப்பட்டு, விடை குரலாகத் திரும்பி வருகிறது. ஆகவே கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கைப்பேசியில் சிக்னல் இல்லாத இடத்தில் பொது அறிவுக் கேள்வி எதற்கும் அதனிடம் விடை கிடைக்காது.

கேட்கும் திறனைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. ரேபான் மெட்டாவில் ஐந்து மைக்குகள் இருக்கின்றன. வாய்க்கும் அவற்றுக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லாததால், மேசை மேல் கிடக்கும் கைப்பேசியை விட அவை நம் குரலைச் சுற்றியுள்ள இரைச்சலிலிருந்து நன்றாகவே பிரித்தெடுக்கின்றன. நான் அணிந்த கண்ணாடியும் மிக்ஸி ஓடும்போது இரண்டாவது முறையில் கட்டளையைப் பிடித்துக்கொண்டது. சிக்கல் எதிர்த் திசையில்தான் இருந்தது. இவற்றின் ஸ்பீக்கர் காதை அடைப்பதில்லை, காதுக்கு மேலே நின்று ஒலிக்கிறது. அதனால் பேருந்து நிலையத்தில் நான் சொன்னது அதற்குக் கேட்டது, அது சொன்னதுதான் எனக்குக் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கொஞ்சம் கேட்கும். உங்களுக்கு வந்த செய்தியை அது உரக்கப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

புரிந்துகொள்வதுதான் நமக்குப் பெரிய குறை. இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ரேபான் மெட்டாவின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. பின்னர் இந்தி சேர்ந்தது. எதிரே பேசுவதை மொழிபெயர்த்துக் காதில் சொல்லும் வசதியும் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானிஷ் ஆகிய நான்கோடுதான் தொடங்கியது. ஆகவே இந்தி தெரியாதவர் ஆங்கிலத்தில்தான் கட்டளை இட வேண்டும். ஆங்கில வாக்கியத்துக்குள் தமிழ்ப் பெயர் வந்ததும் தடுமாற்றம் தொடங்குகிறது. நான் சோதித்த கண்ணாடியிடம் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டால் எங்கெங்கோ போயிற்று. டிரிப்ளிக்கேன் என்றதும் உடனே வழி சொன்னது. எழும்பூரை எக்மோர் என்றும், தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர் நாக்குக்கு வசதியாக வைக்கப்பட்ட பெயர்கள் இப்போது இயந்திரத்தின் காதுக்கும் வசதியாகிவிட்டன.

இன்னொரு நாள் பெரியப்பாவை அழைக்கச் சொன்னேன். அது ‘அப்பா’ என்று பதிந்திருந்த எண்ணை அழைத்தது. அப்பா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்த எண்ணை நீக்க மனமில்லாமல் வைத்திருந்தேன். மறுமுனையில் யாரோ ஓர் இளைஞர் எடுத்து ‘யாருங்க?’ என்று கேட்டபோது சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றிலிருந்து எந்தக் குரல் கருவியானாலும், அழைப்பதற்கு முன் பெயரைத் திரும்பச் சொல்லி உறுதி கேட்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுகிறேன். கைப்பேசியில் பெயர்களைப் பதியும்போது ஒலியால் ஒன்றோடொன்று நெருங்காதபடி பதிவதும் உதவும்.

வாங்குவதற்கு முன் இப்படிச் சோதியுங்கள். ஒரு நாளில் நீங்கள் உண்மையாகவே சொல்லக்கூடிய பத்து வாக்கியங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்னாரை அழை, வந்த செய்தியைப் படி, இருபது நிமிடத்துக்கு டைமர் வை, இந்த இடத்துக்கு வழி சொல் என்பது போல. விற்பனையாளர் சொல்லித் தரும் வாக்கியங்கள் வேண்டாம்; அவை அவர் நாளெல்லாம் சொல்லிப் பழகியவை. அந்தப் பத்தையும் குளிரூட்டிய கடைக்குள் ஒரு முறையும், கதவைத் திறந்து சாலையோரம் நின்று ஒரு முறையும், உங்கள் இயல்பான வேகத்தில் சொல்லி, முதல் தடவையிலேயே நடந்தவற்றுக்கு மட்டும் குறியிடுங்கள். சாலையோரம் பத்துக்கு ஏழுக்குக் குறைந்தால் அன்றாடம் பயன்படாது. ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்லும் நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிடலாம். இரண்டாம் முறையும் கேட்காதபோது நம் குரல் தானாகவே உயர்ந்துவிடுகிறது. பேருந்துக்குள் காற்றைப் பார்த்து அதட்டுபவரைப் பிறர் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் மதிப்பீட்டில் சேர வேண்டியதுதான். படம் எடுக்கவும் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் தண்டிலேயே பொத்தானும் தொடுபரப்பும் இருப்பதால், அவ்வளவுக்கும் குரல் தேவைப்படாது என்பது ஆறுதல்.

கேள்வி: என் தாயாருக்கு நீரிழிவால் பார்வை பெரிதும் மங்கிவிட்டது. எதிரே இருப்பதைச் சொல்லும் கண்ணாடி அவருக்கு உதவுமா?
— மகள், கோவை

இந்த மாதக் கடிதங்களில் ‘வாங்கலாம்’ என்று நான் சற்றுத் துணிந்து சொல்லக்கூடியது உங்களுக்குத்தான். மற்றவர்களுக்கு இக்கருவி கைப்பேசியை எடுக்கும் சிரமத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. பார்வை மங்கியவருக்கோ, கைப்பேசிக் கேமராவை எந்தப் பொருளின் பக்கம், எந்தக் கோணத்தில் நீட்டுவது என்பதே பெரும்பாடு. தலையைத் திருப்பினால் கேமராவும் திரும்புவதும், ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் பையும் இருக்கும்போது வாயால் கேட்டால் போதும் என்பதும் அவருக்குப் பெரிய விடுதலை.

இதில் இரண்டு வழிகள் உண்டு. எதிரே இருப்பதைப் படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவு அதை விவரிப்பது ஒன்று. அது சரளமாகப் பேசும், தவறாகச் சொல்லும்போதும் அதே சரளத்தோடு பேசும் என்பதுதான் இடர். மாத்திரை அட்டையின் பெயரையும், இன்சுலின் அளவையும், சாலையைக் கடக்கலாமா என்பதையும் அதனிடம் ஒருபோதும் விடக் கூடாது. மற்றது, மனிதர் ஒருவரையே அழைப்பது. டென்மார்க்கில் பார்வைக் குறைபாடு உடைய ஹான்ஸ் யோர்கன் வீபர்க் தொடங்கிய ‘பீ மை ஐஸ்’ என்ற செயலி 2015இல் வெளிவந்தது; அழைத்தால் உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் தன்னார்வலர் கேமரா வழியே பார்த்துச் சொல்வார். இந்தச் சேவையை ரேபான் மெட்டா கண்ணாடியோடும் இணைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தச் செயலியைத் தாயாரின் கைப்பேசியில் போட்டு, மொழியைத் தமிழ் என்று குறித்து, ஒரு வாரம் பழக்குங்கள், அதற்குக் கட்டணமில்லை. தமிழ் பேசும் தன்னார்வலர் எவ்வளவு நேரத்தில் கிடைக்கிறார், முன்பின் அறியாத ஒருவரிடம் வீட்டைக் காட்டித் தாயாரால் கூச்சமின்றிப் பேச முடிகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். பிறகு கண்ணாடிக் கடைக்கு அவரை அழைத்துச் செல்லும்போது ஒரு மின்கட்டண ரசீது, ஒரு தமிழ் நாளிதழ், ஒரு நூறு ரூபாய்த் தாள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றை அவரே கேட்டு, அவருக்கே புரியும்படி விடை வந்தால் வாங்குங்கள். உங்களுக்குப் புரிவது கணக்கில் வராது. ஆங்கிலத்தில் கட்டளையிட அவருக்குப் பழக்கமில்லை என்றால், நான்கைந்து தொடர்களை மனப்பாடம் செய்வித்து, அவற்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. கண் மருத்துவரிடம் கேட்டு, குறைபார்வைப் பயிற்சி தரும் மையத்துக்கும் ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். சில வேளைகளில் நல்ல உருப்பெருக்கியும் சரியான இடத்தில் ஒரு விளக்கும் செய்யும் வேலையை இந்தக் கண்ணாடி செய்யாது.

கேள்வி: எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேமரா உள்ள கண்ணாடியோடு வந்தார். படம் எடுத்தால் விளக்கு எரியும், ஒளித்துச் செய்ய முடியாது என்கிறார். நம்பலாமா?
— தலைமையாசிரியை, திருப்பூர்

பாதி நம்பலாம். ரேபான் மெட்டாவில் படமோ காணொளியோ எடுக்கும்போது முன்பக்கம் ஒரு வெள்ளை விளக்கு எரியும். அதை மூடிவிட்டு எடுக்க முயன்றால் கண்ணாடி மறுத்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் நண்பகல் வெயிலில் அந்தச் சிறு வெளிச்சம் எதிரே நிற்பவர் கண்ணில் படுவது அரிது. போதாததற்கு, அமெரிக்காவில் ஒருவர் 60 டாலர் வாங்கிக்கொண்டு அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்து தருவதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. 2024இல் ஹார்வர்டு மாணவர் இருவர் இதே வகைக் கண்ணாடியை முகம் தேடும் இணையதளத்தோடு இணைத்து, வழியில் கண்ட அந்நியர்களின் பெயரையும் பிற விவரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். எச்சரிப்பதே நோக்கம் என்று சொல்லி மென்பொருளை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆகவே பள்ளிக்குள் அதைக் கேமராக் கைப்பேசிக்குச் சமமாகக் கருதி, வாசலிலேயே வாங்கி வைப்பதுதான் சரி. அந்த மாணவருக்குப் பவர் இருந்தால் சாதாரணக் கண்ணாடி ஒன்றும் கொண்டுவர வேண்டும் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கண்ணாடியைப் பிடுங்கியதால் கரும்பலகை தெரியவில்லை என்ற புகார் வரக் கூடாது. கோயில்களிலும் இதே சிக்கல் தொடங்கிவிட்டது. அயோத்தி ராமர் கோயிலில் கேமரா பொருத்திய கண்ணாடியோடு படம் எடுத்த ஒருவர் 2025 ஜனவரியில் பிடிபட்டார். தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது நினைவிருக்கலாம்; காலணி வைக்குமிடத்தில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, முகத்தில் கேமராவோடு உள்ளே போவதை அந்த உத்தரவின் நோக்கம் ஏற்காது.

அணிபவரின் குரலுக்கும் இதே கேள்வி உண்டு. அழைப்புத் தொடருக்குப் பின் பேசுவதை நிறுவனம் சேமித்து வைக்கலாம். 2025 ஏப்ரலில் மெட்டா தன் விதியை மாற்றி, குரல் பதிவைச் சேமிக்காமல் விடும் தெரிவை நீக்கியது. வேண்டுமென்றால் பயனரே செயலிக்குள் சென்று ஒவ்வொன்றாக அழித்துக்கொள்ள வேண்டும். அந்த மாணவர் இதை அறிந்திருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கூகுள் கண்ணாடி பத்து ஆண்டுக்கு முன்பே தோற்றுப்போனது. இது மட்டும் எப்படி நிற்கும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

கூகுள் 2013இல் கொடுத்த கண்ணாடியின் விலை 1,500 டாலர். பார்த்தவுடன் கருவி என்று தெரியும் தோற்றம். கண்ணெதிரே சிறு திரை. அதை அணிந்துகொண்டு போனவர்களைச் சில விருந்தகங்களில் உள்ளே விட மறுத்தார்கள். 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. தொழிற்கூடங்களுக்கான வடிவம் 2023 வரை நீடித்தது. இப்போது வருபவை சாதாரணக் கண்ணாடியைப் போலவே தோன்றுவதால் அணிபவரின் கூச்சம் போய்விட்டது. எதிரே இருப்பவரின் கூச்சத்துக்கு இன்னும் தீர்வு இல்லை. சொல்லப்போனால், அடையாளமே தெரியாததால் அது கூடியிருக்கிறது. திரை உள்ள வகையையும் மெட்டா 2025 செப்டம்பரில் 799 டாலருக்கு அறிவித்தது. அதற்கு அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: இருசக்கர வண்டியில் போகும்போது வழி கேட்கப் பயன்படுத்தலாமா?
— விற்பனைப் பிரதிநிதி, சேலம்

முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டுக்குள் அந்தத் தடித்த தண்டு நெற்றிப் பொட்டை அழுத்தும். இருபது நிமிடத்தில் தலைவலி வரும். உங்கள் ஹெல்மெட்டைக் கடைக்கே எடுத்துச் சென்று, கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். காது அடைபடாததால் பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் கேட்கும் என்பது இயர்போனை விட மேலானது. கைப்பேசி வரைபடம் சொல்லும் வழியைக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டு, பேச வேண்டியதை வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுங்கள். கைகள் காலியாக இருந்தாலும் கவனம் காலியாக இருப்பதில்லை.

கேள்வி: முப்பதாயிரம் எனக்குக் கட்டாது. கேமரா இல்லாத மலிவான வகை போதுமா?
— வாசகி, நாகர்கோவில்

பேசவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் என்றால் போதும். டைட்டன் நிறுவனம் 2022இல் ‘ஐஎக்ஸ்’ என்ற பெயரில் 9,999 ரூபாய்க்கு ஒன்றைக் கொண்டுவந்தது; அதன் பின் இன்னும் குறைந்த விலையில் வேறு சில நிறுவனங்களும் இறங்கியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை உங்கள் கைப்பேசியில் உள்ள குரல் உதவியாளரையே எழுப்புகின்றன. அதனால் ஒரு நன்மையும் உண்டு: கைப்பேசியின் உதவியாளருக்குத் தமிழ் தெரிந்தால் கண்ணாடி வழியாகவும் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். வாங்குமுன் கைப்பேசியில் அதைத் தமிழுக்கு மாற்றி, உங்கள் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடுகிறதா என்று வீட்டிலேயே நான்கு நாள் பேசிப் பாருங்கள். பிடிபடவில்லை என்றால் பத்தாயிரம் ரூபாய்க் கண்ணாடிக்கும் பிடிபடாது.